டைம்பாஸ் கை

கில் தேசொப்பின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். ஒரு வகை, ஆடுகிறவர்கள். இன்னொரு வகை, டைம்பாஸ். இந்த இரண்டாவது சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல அவன் மேலுதடு கோணிக்கொள்ளும்.

சாங்வொன் நகரத்தில் பற்சக்கரம் செய்யும் ஆலை ஒன்றில் அவனுக்கு நிரந்தர இரவு ஷிஃப்ட். காலையில் வேலை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அவன் பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பிசி பாங் என்கிற கணினி விளையாட்டுக் கூடத்துக்குப் போவான். வரிசை வரிசையாகக் கணினிகள், சாய்ந்தால் பின்னால் மடங்கும் நாற்காலிகள், உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேரும் ராமியான் நூடுல்ஸ் கிண்ணம். ஜன்னலோர மூலை நாற்காலி அவனுடையது. பெயர் எழுதி ஒட்டவில்லைதான். ஆனாலும் தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், கல்லாவில் இருக்கும் பெண்ணே ஓடிவந்து எழுப்பிவிடுவாள்.

ராணுவச் சேவையை முடித்து வந்த வருடம் 'ஏழு கோட்டை' என்ற விளையாட்டுக்குள் நுழைந்தவன் அவன். நாற்பது தாண்டியும் வெளியே வரவில்லை. ஆலையில் அவனைவிட வயதில் சின்னவன் ஒருவன் மேற்பார்வையாளனாக நின்றுகொண்டு, "கில் அண்ணே, கையைக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க" என்பான். தேசொப் தலையாட்டுவான். ஆனால் விளையாட்டுக்குள் அவன் பெயர் இரும்புப்புயல், கருங்கோட்டையின் அதிபதி. அவன் குதிரை வாசலுக்கு வந்தால் அவனுடைய படையில் எல்லாரும் வழிவிட்டு நிற்பார்கள். தம்பி கல்யாணத்தில் குடும்பமாக நின்று எடுத்த படத்தில் அவன் இல்லை. அந்த நேரத்தில் கருங்கோட்டையை யாரோ முற்றுகையிட்டிருந்தார்கள். அவன் மண்டபத்துக்கு எதிரே இருந்த கேம் அறையில் இருந்தான். அம்மா அந்தப் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். தேசொப் அதைப் பார்க்கும்போது வருத்தப்படுவதில்லை. அன்றைக்குக் கோட்டை விழவில்லை என்பதுதான் அவனுக்கு ஞாபகம் வரும்.

அப்படிப்பட்டவனுடைய கோட்டைக்குள் ஒரு குளம். அந்தக் குளத்தங்கரையில் ஒருத்தி உட்கார்ந்து மீன் பிடித்தாள்.

அவள் பெயர் போங் ஒக்ஜு. அதே கட்டிடத்தின் தரைத்தளத்தில் தொடுகறிக் கடை வைத்திருந்தாள். முள்ளங்கிக் கிம்ச்சி, நெத்திலி வறுவல், காரம் போட்ட மீன் அப்பம். மதிய வியாபாரம் ஓய்ந்ததும் கடைக் கதவில் 'இதோ வருகிறேன்' அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, பூண்டு மணக்கும் ஏப்ரனோடேயே மூன்றாம் மாடிக்கு வருவாள். தேசொப்புக்கு நேர் பின்வரிசையில் உட்காருவாள். விளையாட்டுக்குள் அவள் பெயர் முள்ளங்கி. வருடக்கணக்காக ஆடியும், நேற்றுச் சேர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நிலையைக்கூட அவள் தாண்டவில்லை. வாள் கிடையாது, குதிரை கிடையாது. ஒரு தூண்டில் மட்டும். பிடித்த மீனைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடுவாள். இடது கையால் வறுத்த கடற்பாசித் தாளைக் கடித்துக்கொண்டே, தூள் விசைப்பலகைக்குள் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடுவாள்.

தேசொப்புக்கு அவள் மீன் பிடிப்பதுகூடப் பிரச்சினையில்லை. தனக்குத்தானே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பிடித்தாள் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. அவன் முதுகுத்தண்டு வளைந்து, கண் சிவந்து, காக்கும் கோட்டையில் அவள் காற்று வாங்கினாள்.

அதனால் தினமும் ஒரு தடவை, குளத்துப் பக்கம் குதிரையை விட்டு, போகிற போக்கில் அவளை வெட்டிவிட்டுப் போவான். ஒன்றும் செய்யாதவர்களை வெட்டினால் வெட்டியவன் பெயர் சிவப்பாகிவிடும், காவலர்கள் துரத்தித் துரத்திக் கொல்வார்கள் என்பது அந்த விளையாட்டின் சட்டம். ஆனால் கோட்டையின் அதிபதிக்கு அந்தச் சட்டம் இல்லை. காவலர்கள் அவனுடைய ஆட்கள்.

"ஐயோ, செத்துட்டேன்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். "தலைவர் தம்பி, இப்பதான் பெரிய கெளுத்தி ஒண்ணு கடிச்சுது. அஞ்சு நிமிஷம் பொறுத்து வெட்டக் கூடாதா?"

"இது போர்க்களம்மா. பூங்கா இல்ல."

"குளம் இருக்கு, வாத்து இருக்கு. இதுக்கு வேற என்ன பேரு?"

"டைம்பாஸ் பண்றதுன்னா வேற எவ்வளவோ விளையாட்டு இருக்கு. மிட்டாய் உடைக்கிற விளையாட்டு இருக்கு. போய் அத உடைங்க."

"எனக்கு மிட்டாய் புடிக்காது, தம்பி. சக்கரை இருக்கு." அடுத்த நிமிடம் முள்ளங்கி மறுபடி பிறந்து, மறுபடி குளக்கரையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் மதியம் அது நடந்தது.

ஏழு கோட்டையில் ஆயுதங்களைப் படி ஏற்றலாம். ஆறாம் படிவரை பயமில்லை. அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும், ஏறினால் ஏறும். இல்லாவிட்டால் ஆயுதம் தூள்தூளாகப் போய்விடும், திரும்ப வராது. பத்தாம் படி என்பது அந்த அறையில் இருந்த யாரும் கண்ணால் கண்டதில்லை. தேசொப் தன் வாழ்நாளில் மூன்று வாள்களைப் பத்தாம் படியில் உடைத்திருக்கிறான். மூன்றாவது உடைந்த வாரம் ஆலைக்கே போகவில்லை.

ஒக்ஜு அன்றைக்குத் தன் தூண்டிலைப் படி ஏற்றிக்கொண்டிருந்தாள். திரையைக்கூடப் பார்க்கவில்லை. கல்லாப் பக்கம் திரும்பி, "பாப்பா, ராமியான்ல முட்டைய உடைச்சுக் கலக்கிடாத, முழுசாப் போடு" என்று சொல்லிக்கொண்டே மவுஸை அமுக்கினாள்.

அறையிலிருந்த எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. எல்லாத் திரையிலும் பொன் எழுத்து ஓடியது: 'முள்ளங்கி தன் தூண்டிலைப் பத்தாம் படிக்கு ஏற்றியிருக்கிறார்.'

நாற்காலிகள் சடசடவென்று பின்னால் நகர்ந்தன. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எல்லாரும் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்கள். ஒக்ஜு பயந்துபோனாள்.

"என்ன, ஏதாவது உடைச்சுட்டேனா?"

தேசொப் மட்டும் எழவில்லை. அவன் காது மடல் சூடேறியது.

அவனுடைய படையில் இரண்டாவது ஆள் பியோ ஜங்மு. பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு தேசொப்பின் பக்கம் வந்தான்.

"பாத்தீங்களா, தலைவரே? அதான் டைம்பாஸ் கை. ஆசையே இல்லாத கை. அந்தக் கைக்குத்தான் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல?"

"குருட்டு அதிர்ஷ்டம்டா."

"அந்தக் குருட்ட நம்ம வாளுக்கும் கொஞ்சம் கேக்கலாமே?"

நம்ம வாள் என்று ஜங்மு சொன்னது, படை முழுவதும் சேர்ந்து உருவாக்கிய வாள். ஒருவன் கவசத்தைக் கரைத்தான், இன்னொருவன் மாதக்கணக்காகச் சுரங்கத்தில் கல் உடைத்தான், ஜங்மு தன் குதிரையையே கொடுத்தான். இப்போது ஒன்பதாம் படியில் இருந்தது. எதிரிப்படையான வெள்ளைநரியின் தலைவனிடம் பத்தாம் படி ஈட்டி வந்துவிட்டதாகச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை மதியம் முற்றுகை. ஒன்பதாம் படி வாளோடு போனால் கருங்கோட்டை போய்விடும். கருங்கோட்டை போனால் இரும்புப்புயல் என்பவன் யார்? இரவு ஷிஃப்டில் பற்சக்கரம் தேய்க்கிற ஒருவன்.

"நானே ஏத்தறேன்" என்றான் தேசொப்.

ஜங்மு முகம் மாறியது. "மூணு தடவ ஏத்துனீங்களே, தலைவரே. என் குதிரைய நாலாவதா உடைக்க நான் விடமாட்டேன். பசங்களும் விடமாட்டாங்க. அந்த அக்கா அமுக்கணும், இல்லன்னா வாளக் குடுங்க, நாங்க வேற தலைவனப் பாத்துக்கறோம்."

அத்தனை வருடத்தில் ஒருவனும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை.

சனிக்கிழமை காலை அவன் தரைத்தளத்துக்கு இறங்கினான். ஒக்ஜு முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு முள்ளங்கித் துண்டுகளில் மிளகாய்த்தூள் பிசைந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் நிமிரவில்லை.

"இங்கயும் வெட்ட வந்துட்டீங்களா?"

"ஒரு வேலை இருக்கு."

"நெத்திலியா, முள்ளங்கியா?"

"கிண்டல் பண்ணாதீங்கம்மா. எங்க வாளுக்கு நீங்க ஒரு தடவ அமுக்கணும். பசங்க கேக்கறாங்க."

"பசங்க கேக்கறாங்க. நீங்க கேக்கல?"

தேசொப் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நானும்தான்."

ஒக்ஜு பிசைவதை நிறுத்தினாள். "இத்தன வருஷமா தினமும் வெட்டினீங்க. ஒரு நாளாவது அக்கான்னு கூப்பிட்டிருப்பீங்களா? பொழுது போகாதவ, அறிவில்லாதவ, எடத்த அடைக்கிறவ. இன்னைக்கு என் கை மட்டும் வேணுமாக்கும்."

"கூப்பிடறேன். அக்கா. போதுமா?"

"மொளகாயக் கடிச்ச மாதிரி சொல்றீங்க." அவள் ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து ருசி பார்த்தாள். "எனக்கு உங்க ஆளுங்களக் கண்டாலே எரியுது, தம்பி. பொம்மைக் கத்திக்காகப் பெத்தவங்களப் பாக்காம, பொண்டாட்டி புள்ளயப் பாக்காம சாகறீங்க. ஆனா உங்க பசங்க பாதிப் பேரு எங்கிட்டதான் கிம்ச்சி வாங்கறாங்க. அதுக்காக வரேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. உடைஞ்சா என்ன?"

"உடைஞ்சா உடைஞ்சதுதான்."

"என் கடை வாசல்ல வந்து எவனும் மூஞ்சியத் தூக்கக் கூடாது. என் பேரச் சொல்லித் திட்டக் கூடாது."

"மாட்டோம். நான் பொறுப்பு."

மதியம் மூன்றாம் மாடியில் படை முழுவதும் கூடியிருந்தது. தேசொப்பின் நாற்காலியில் ஒக்ஜுவை உட்கார வைத்தார்கள். அவள் வழக்கம்போல் வந்து அமுக்கிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவர்கள் விடவில்லை. படி ஏற்றுவதற்கென்று அவர்களிடம் ஒரு முறை இருந்தது, அதன்படிதான் எல்லாம் நடக்க வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவினாள். கடற்பாசித் தாளைப் பிடுங்கி வைத்தார்கள். விளையாட்டுக்குள் கிணற்றடியில் இருக்கும் காக்கைச் சிலைக்கு முன்னால், வடக்குப் பார்த்துதான் நிற்க வேண்டும் என்றார்கள். முதலில் மட்டமான வாள்களை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உடைத்தார்கள். கெட்டது எல்லாம் அதோடு போய்விடுமாம். ஒவ்வொன்று உடையும்போதும் அறையே "போச்சு!" என்றது.

"அக்கா, மூச்ச இழுத்துப் புடிங்க."

"முழங்கைய மேசைல வைக்காதீங்க."

"அக்கா, எதையும் நெனைக்காதீங்க."

"நீங்க இத்தன பேரு தலமேல நின்னா நான் என்னத்த நெனைக்காம இருக்கறது?" ஒக்ஜுவின் குரல் இப்போது சிரிக்கவில்லை. அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மவுஸின் மேல் இருந்த விரல் எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது.

தேசொப் அவளுக்குப் பின்னால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். அவன் உடம்பு மறைத்ததில் பின்னால் நின்றவர்களுக்குத் திரையின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. அவன் கண் முன்னால் அவன் நாற்காலி, அவன் திரை, அவன் வாள். அதன்மேல் பூண்டு வாடை அடிக்கிற ஒரு கை. நாளைக்குக் கோட்டை நின்றால், இந்தக் கையால்தான் நின்றது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். டைம்பாஸ் ஏற்றிக்கொடுத்த வாளைத் தூக்கிக்கொண்டு திரிகிற அதிபதி. அந்த நினைப்பு தொண்டையில் புளித்த ஏப்பம்போல வந்தது. அவள் விரல் மறுபடி எழும்பியது. இவளால் முடியாது என்று தோன்றியது. இவளால் முடிந்துவிடும் என்றும் தோன்றியது. எது பெரிய பயம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் கை முன்னால் போய், அவள் விரலின்மேல் தன் விரலை வைத்து அமுக்கியது.

கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது. திரையில் வாள் இருந்த கட்டம் காலியாக இருந்தது.

ஒக்ஜு தலையைத் திருப்பி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இன்னும் அமுக்கவே..."

"சொன்னேனேடா!" தேசொப்பின் கத்தலில் அவள் குரல் மூழ்கியது. "டைம்பாஸ் கையில குடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? வியர்த்துக் கொட்டற கைய வச்சு அமுக்கினா வேற என்ன ஆகும்? எந்திரிம்மா! எந்திரிங்க என் நாற்காலிய விட்டு!"

அவனுக்குப் பின்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "என் கவசம் போச்சே!" என்றான் ஒருவன். ஜங்மு சுவரில் தலையை முட்டிக்கொண்டான். யாரோ ஒருவன், "முட்டை ராமியான் தின்ற கைக்கு வாளு கேக்குதா?" என்றான். ஒக்ஜு மறுபடி வாயைத் திறந்தாள். தன்னைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றுகை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே முடிந்துவிட்டது. வெள்ளைநரியின் ஈட்டிக்கு முன்னால் இரும்புப்புயல் திரும்பத் திரும்ப விழுந்தான். கோபுரத்தில் கருப்புக் கொடி இறங்கி, வெள்ளைக் கொடி ஏறியது. சாயங்காலத்துக்குள் படையில் பாதிப்பேர் வெள்ளைநரிக்கு மனுப்போட்டிருந்தார்கள். அதில் முதல் மனு ஜங்முவினுடையது.

தேசொப் கொடுத்த வாக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வாளைப் பற்றி யார் கேட்டாலும், "கீழ்க் கடைக்காரி உடைச்சா" என்றான். கேட்காதவர்களிடமும் சொன்னான். முதலில் படைப் பையன்கள் அவள் கடையில் வாங்குவதை நிறுத்தினார்கள். பிறகு கிண்டலாக ஒரு பேச்சு கிளம்பியது: அந்தக் கை பிசைந்த கிம்ச்சி வீட்டில் இருந்தால் எதுவும் விளங்காது. கிண்டல்தான். ஆனால் பிசி பாங்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் சாலையைத் தாண்டிப் போய் எதிர்க்கடையில் வாங்கினார்கள். தேசொப்பும் அங்கேதான் வாங்கினான். உப்புக் கரித்தது. கரித்ததைத் தின்றான்.

ஒக்ஜு கொஞ்ச நாள் மேலே வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தாள். வழக்கமான பின்வரிசை நாற்காலி, அதே ஏப்ரன், அதே கடற்பாசித் தாள். ஒன்றுமே நடக்காததுபோல முள்ளங்கி கருங்கோட்டைக் குளத்தில் தூண்டில் போட்டது. கோபுரத்தில் யார் கொடி பறந்தாலும் மீன்களுக்குக் கவலையில்லை, அவளுக்கும் இல்லை. தேசொப்புக்கு அதுதான் பொறுக்கவில்லை. தனக்கு உலகமே இடிந்துபோன இடத்தில் அவளுக்கு ஒரு கல்கூட நகரவில்லை.

அவன் வெட்டப் போனான். இப்போது வாசல் வழியாகப் போக முடியாது. இடிந்த மதில் ஒன்றின் வழியாகப் புகுந்து, புதரில் பதுங்கி, தன்னுடையதாக இருந்த கோட்டைக்குள் திருடனைப்போல ஊர்ந்தான். குளக்கரையை அடைந்தான். ஓங்கி ஒரே வெட்டு. முள்ளங்கி விழுந்தது. அதே நொடியில் இரும்புப்புயல் என்ற பெயர் சிவப்பானது. நேற்றுவரை அவனுக்குத் தலைவணங்கிய காவலர்கள் நான்கு பக்கமிருந்தும் ஓடிவந்து அவனை வெட்டிச் சாய்த்தார்கள்.

பின்வரிசையிலிருந்து "ஐயோ, செத்துட்டேன்" வரவில்லை. முள்ளங்கி எழுந்து உட்கார்ந்தது. சிவப்புப் பெயர்க்காரனுக்கு அங்கே எழ அனுமதி இல்லை. அவனைக் கோட்டைக்கு வெளியே சேற்றில் கொண்டுபோய்ப் போட்டது விளையாட்டு.

"திருந்தவே மாட்டியாடி நீ?" தேசொப் நாற்காலியோடு திரும்பிக் கத்தினான். "வாள உடைச்ச, கோட்டைய அழிச்ச. இன்னும் வந்து அதே குளத்துல வெக்கமில்லாம உக்காந்திருக்க!"

அறையில் தலைகள் திரும்பின. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஜங்மு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

ஒக்ஜு தூண்டில் மிதவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"'டி' போட்டுப் பேசற அளவுக்கு வந்துட்டியா, தம்பி. அன்னைக்கு எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க, சரின்னு விட்டேன். கடை வாசல்ல ஆளே இல்லாமப் பண்ணிட்டு, இங்க வந்து என்னையே வெட்டறியா?" அவள் ஒரு கடற்பாசித் தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு உன் வெரலு ஐஸ் மாதிரி இருந்துச்சு. இன்னும் என் வெரல்மேல அப்படியே இருக்கு."

ஜங்மு எழுந்து நின்றான்.

"எந்த வெரலு, அக்கா?"

"எங்கிட்ட ஏன் கேக்கற? உங்க தலைவர் முன்னாடியே இருக்காரே."

ஜங்மு திரும்பினான். அவனோடு சேர்ந்து, கவசத்தைக் கரைத்தவன், கல் உடைத்தவன் என்று அந்த வரிசை முழுவதும் திரும்பியது. தேசொப் வாயைத் திறந்தான். டைம்பாஸ் என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனிவரை வந்தது, உதடும் கோணியது. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது அவன் வாயை இல்லை. மவுஸின் மேல் இருந்த அவன் வலது கையை.

அவன் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"பாப்பா," என்றாள் ஒக்ஜு கல்லாப் பக்கம் பார்த்து, "ஒரு ராமியான். முட்டை முழுசா."